படுத்திருந்த படி

2063 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை காலை, தூத்துக்குடி கடலோரப் புற்றுநோய் மையத்தின் இரண்டாம் மாடியில் பதினொரு பேர் வேறொருவர் உடம்பை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உடுத்துவது என்பது அங்கே புழங்கும் சொல். கழுத்தில் ஒரு பட்டை, மணிக்கட்டுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. பொத்தானை அழுத்தினால், இதே நோயோடு இதே மருந்தை முன்பு ஏற்றிக்கொண்ட ஒருவர் மூன்றாம் நாளில் உணர்ந்ததெல்லாம் கால் மணி நேரத்துக்கு நமக்குள் வரும். முகம் தெரியாது, குரல் கேட்காது. நாக்கின் கசப்பு, மூக்கில் ஏறும் வாசம், வயிற்றுப் புரட்டல், விரல் நுனியின் மதமதப்பு ஆகியவை வரும். வலி மட்டும் பாதி அளவில்தான் வரும். முழு வலியை இன்னொருவருக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்தப் பதிவுக்கு உணர்படி என்று பெயர். பேச்சில் வெறும் படி. அதைக் கொடுத்தவர் முன்னவர்.

பதினான்கு ஆண்டுகளாக, உணராமல் ஒப்புதல் இல்லை என்பது விதி. அதற்கு முன்பெல்லாம் பக்க விளைவுகளை அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை யாரும் படித்ததில்லை. படிகள் வந்த பிறகு சிகிச்சை நிஜமாகவே மேம்பட்டது. செவிலியர்கள் பயிற்சியிலேயே உடுத்திப் பார்த்தார்கள். குமட்டலுக்கான மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாற்றினார்கள். ஊசி குத்தும் இடத்தை மாற்றினார்கள். கூடத்தில் டெட்டால் வாசம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எல்லாம் முன்னவர்கள் கொடுத்ததிலிருந்து கற்றவை. இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் ‘உங்களுக்கு எப்படி இருந்தது’ என்று கேட்கும் பழக்கம் போய்விட்டது. கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட உடுத்தித் தெரிந்துகொள்வது துல்லியம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஜன்னலோர நாற்காலியில் பட்டை மாட்டாமல் உட்கார்ந்திருந்தவர் ஜெஸ்லின். வயது நாற்பத்து நான்கு. துறைமுகத்து கிரேன்களைக் கரையிலிருந்து திரை பார்த்து இயக்குவது அவருடைய வேலை. பெருங்குடலில் இருந்த கட்டியை ஏப்ரலில் அறுத்து எடுத்திருந்தார்கள். மிச்சம் ஏதாவது ஒளிந்திருந்தால் அழிக்க, மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டுச் சுற்று மருந்து. இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது அன்றைக்கு. வெளியே வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. அவர் கைகளில் கம்பளி உறை மாட்டியிருந்தார்.

படிகளைப் பராமரித்து, யாருக்கு எந்தப் படி பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பவர் ஓவியா. அவர் பக்கத்தில் வந்து நின்றதும் ஜெஸ்லின் எழ முயன்றார்.

“உக்காருங்க ஜெஸ்லின். ரூம் ரெடியா இருக்கு, போலாமா?”

“மருந்து ஏத்த வரலக்கா. கையெழுத்துப் போட்டுட்டுப் போவத்தான் வந்தேன். நிறுத்திக்கிடுதேன்.”

பின்னால் நின்ற அவருடைய கணவர் ரூபன், “நேத்துலேருந்து இதத்தான் சொல்லுதா. நீங்களாவது என்னன்னு கேளுங்க மேடம்” என்றார்.

“நீ சும்மா இரு ரூபன். தொண்ட அடைக்கது ஒனக்கா எனக்கா?”

ஓவியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்ன ஆச்சு, சொல்லுங்க.”

“மூணாம் நாளு கொழாயத் தொறந்தேன். கை நெறைய ஊசிய அள்ளிக் குடுத்த மாதிரி இருந்துச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சேன், மூச்சு நின்னுட்டு. செத்தேன்னு நெனச்சேன். தரையில கால் வெக்க முடியல. மொத சுத்துலயும் இருந்துச்சு. நாந்தான் பயந்துக்கிட்டேன்னு பேசாம இருந்தேன்.”

மருந்து பழையது. ஏற்றிய சில நாட்களுக்கு, குளிர்ச்சி பட்டால் நரம்புகள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும். குளிர்ந்தது எதுவும் வேண்டாம் என்று மையமும் சொல்லித்தான் அனுப்பும். ஜெஸ்லின் ஐஸ்கிரீமையோ ஜூஸையோ தொடவில்லை. ஆனால் தூத்துக்குடியில் இப்போது குளிர் இருப்பது அவற்றில் இல்லை. ஆழ்கடல் நீரை இழுத்து ஊர் முழுக்க ஓடவிடும் குளிர்குழாய்கள் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் அவை ஓடுகின்றன. அவை இல்லாமல் யாரும் மே மாதத்தைத் தாண்ட முடியாது. தரை, கதவுக் கைப்பிடி, குடிதண்ணீர் எல்லாமே எந்நேரமும் சில்லென்று இருக்கும். அதைக் குளிர் என்று நினைப்பதையே ஊர் மறந்துவிட்டது.

“எனக்குக் குடுத்த படியில இதெல்லாம் ஒண்ணுமே இல்லியே. அந்த அக்கா என்னமோ கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்க மாதிரில்லா இருந்தாங்க” என்றார் ஜெஸ்லின்.

இரண்டாம் சுற்றின் நான்காம் நாள் ரூபன் அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தார். அப்போது பட்டை மாட்டி அளவெடுத்தார்கள். மையத்தின் கணினி மூளையான துணைமதி அந்த அளவை முன்னவர்களின் படிகளோடு ஒப்பிட்டது. மற்ற எல்லோரையும்விட ஜெஸ்லினின் வேதனை பல மடங்கு அதிகம், உடல் மருந்தை ஏற்கவில்லை, அளவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. பாதி அளவில் நோய் திரும்பிவரும் வாய்ப்பு கூடும் என்பதை டாக்டர் அஸ்வத் மறைக்காமல் சொன்னார்.

“பாதி மருந்துக்கு முழு வேதனைய எதுக்குப் படணும்? ஊருல எல்லாருக்கும் ஒத்துக்கிடுது. எனக்கு ஒத்துக்கிடல. விட்டுருவோம்.”

ரூபன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நிறுத்திக்கொள்வதற்கும் ஒரு விதி உண்டு. தொடங்கும்போது உடுத்திய அதே படியை மறுபடி ஒருமுறை உடுத்திய பிறகே கையெழுத்திட முடியும். அவசரத்தில் யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஜெஸ்லின் அலுத்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். ஓவியா பட்டையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டினார்.

கால் மணி நேரம் கண்ணை மூடியிருந்தவர், பட்டையைக் கழற்றிய பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

“ஓவியாக்கா, இவங்க ஏன் சாயவே இல்ல?”

“என்னது?”

“முதுகு நேரா இருக்கு. நாற்காலி நுனியில உக்காந்திருக்காங்க. மூணாம் நாளு எனக்குத் தலையத் தூக்க முடியல. இவங்களுக்குத் தல ஈரமா இருக்கு, அப்பந்தான் குளிச்சிருக்காங்க. வாயில சுக்குக் காப்பி. கழுத்தெல்லாம் வேர்வை. இந்த ஊருல வீட்டுக்குள்ள யாருக்கு வேர்க்கும்? போன தடவ அது மருந்தோட வேலன்னு நெனச்சேன். பொறவு அந்த மல்லியப்பூ வாசம்.”

ஓவியா அந்தப் படியை முப்பது தடவையாவது உடுத்தியிருப்பார். மல்லிகை வாசம் அவருக்குப் பிடிக்கும். அது அங்கே ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. எழுந்துபோய்த் துணைமதியிடம், இந்த மருந்துக்கான படிகளில் எத்தனை பேர் படுத்த நிலையில் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை என்றது துணைமதி.

இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். எல்லாம் மூன்றாம் நாள். ஒருவர்கூடப் படுத்திருக்கவில்லை. பெரும்பாலோர் குளித்து ஒரு மணி நேரத்துக்குள் பதிவு செய்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருடைய இரத்தத்திலும் வலி மாத்திரை உச்சத்தில் இருந்தது. ஓர் ஆண் இடுப்பில் பெல்ட் இறுக்கியிருந்தார். இன்னொருவர் வீட்டுக்குள் ஷூ போட்டிருந்தார். எந்தக் கால் மணி நேரத்தைக் கொடுப்பது என்பதை முன்னவரே தீர்மானிப்பார். அதில் யாரும் தலையிடக் கூடாது என்று சட்டம் சொன்னது. அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே மாதிரி தீர்மானித்திருந்தார்கள். தகவல் முழுக்கத் துணைமதியிடம் இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை.

இருவரும் சம்மதித்தால் முன்னவரும் பின்னவரும் சந்திக்கலாம். ஓவியா அந்தப் படியைக் கொடுத்தவரிடம் தொலைபேசியில் பேசினார். ஜெஸ்லின், “வரட்டும், மூஞ்சியப் பாத்துட்டே கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

கனிஷ்கா ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது, தடித்த முன்கைகள், ஒரு புருவத்தில் மாவு. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பேக்கரி வைத்திருக்கிறார். கையில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய மக்ரூன்.

“நீங்கதானாக்கா அது?” என்றார் ஜெஸ்லின்.

“நாந்தான். ஏன், நல்லா இல்லியா?”

பலகாரத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“நல்லா இருந்துச்சு. அதான் பிரச்சினை. மூணாம் நாளு நாற்காலியில நிமிந்து உக்காந்து பூ வெச்சிக்கிட்டு... எப்பிடிக்கா முடிஞ்சுது ஒங்களால?”

“பொறவு? ஒரு ஆளு வாராங்க. யாரு எவருன்னு தெரியாது. பயந்துபோய் வாராங்க. நான் பாட்டுக்கு நைட்டியோட வாந்திச் சட்டியப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்? வாரவங்களுக்குச் சில்லுன்னு பட்டுரக் கூடாதுன்னு குளிர்கொழாய அடைச்சேன். வெந்நி போட்டுக் குளிச்சேன். மாத்திரயப் போட்டு, வலி அடங்குனதுக்குப் பொறவுதான் பட்டைய மாட்டுனேன். பூ எதுக்குன்னா, என் வாய்க்கசப்பத்தான் தடுக்க முடியல, வாசமாவது நல்லதா இருக்கட்டும்னுதான்.”

“ஒங்க பூ வாசத்த நம்பி நான் என் ஒடம்பப் பழிச்சிக்கிட்டுக் கெடந்தேன்.” ஜெஸ்லினின் குரல் உயர்ந்தது. பட்டை மாட்டியிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “எல்லாரும் தாங்குதாங்க, என்னால மட்டும் ஆவல, அப்ப நான் பொழைக்க மாட்டேன்னு. ஒண்ணர மாசமா. இவங்கிட்ட கூடச் சொல்லல.”

கனிஷ்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒத்துக்கிட்டுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“ஒங்க படிதான்.”

“ஒரு நாளு தண்ணி குடிச்சிட்டு அடுப்படியிலயே உக்காந்துட்டேன். கண்ணாடிச் சில்ல முழுங்குன மாதிரி. அன்னைலேருந்து மூணு நாலு நாளு பேக்கரி அடுப்புக்கிட்டயே பாய விரிச்சுக் கெடப்பேன். ‘பன்னோட சேத்து ஒன்னையும் பாக்கெட் போட்டுருவாங்க’ம்பாரு எங்க வீட்டுக்காரரு.”

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, “அக்கா, மொத வாய் சோறு?” என்றார்.

“தாடை!”

“ஆமா!”

“பூட்டு போட்ட மாதிரி பிடிச்சிக்கிடும். உசுரு போவும்.”

“ரெண்டாவது வாய்க்கு ஒண்ணுமே இருக்காது!”

“மூணாவது வாய்க்கு, அப்பிடி ஒண்ணு நடந்துச்சான்னே தெரியாது. யாருட்ட சொன்னா நம்புவாங்க? நான் சொல்லவே இல்ல.”

“நானுந்தான்” என்று சொல்லிவிட்டு ஜெஸ்லின் அழத் தொடங்கினார். கனிஷ்கா அவருடைய கையுறைகளின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

“அதான் சோத்த மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தியா? கொழம்பு நல்லால்ல போலன்னு நான் தெனமும் புளிய மாத்தி மாத்திக் கரைச்சேன்” என்றார் ரூபன்.

“கொழம்பும் நல்லால்லதான்” என்றார் ஜெஸ்லின் அழுகைக்கு நடுவே.

அதன் பிறகு ஜெஸ்லின் கேட்டுக்கொண்டே போனார். தண்ணீரில் தொண்டை அடைத்தால் என்ன செய்வது? மூச்சு நிற்பது போல்தான் தோன்றும், நிற்காது, வெந்நீர் ஆவி பிடித்தால் இறங்கிவிடும் என்றார் கனிஷ்கா. வீட்டுக் குளிர்குழாயை நான்கைந்து நாளைக்கு அடைத்து வைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் காலையிலேயே வெயிலில் வைத்துவிட வேண்டும். சாவிக்கொத்தில்கூடத் துணி சுற்ற வேண்டும். எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு கனிஷ்கா வலது கையை விரித்து இரண்டு விரல்களைக் காட்டினார்.

“இந்த ரெண்டு நுனியும் இன்னும் மரமரன்னுதான் இருக்கு. மாவு பதம் இதுல பாக்க மாட்டேன், எடது கையிலதான் பாப்பேன். அது போவல. மத்தபடி ஆறு வருசம் ஆச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல.”

ஓவியா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் பதிவாகவில்லை. உடுத்திக்கொண்டிருந்தவர்களில் நான்கு பேர் பட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். பெட்டியில் பாதி மக்ரூன் காலியாகியிருந்தது.

டாக்டர் அஸ்வத்திடம் ஓவியாதான் விளக்கினார். அவர் படிகளைத் தானே புரட்டிப் பார்த்தார். பெல்ட் போட்டவரின் படியைக் கொஞ்ச நேரம் உடுத்தியும் பார்த்தார். கழற்றிவிட்டு, “இவர என் கிளினிக்லயே பாத்துருக்கேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, ‘நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க எப்படி இருக்கீங்க’ம்பார்” என்றார். துணைமதியின் கணக்கில் பிழை இல்லை; அதற்குக் கொடுத்த அளவுகோல்தான் பிழை என்று ஒப்புக்கொண்டார். முழு அளவா, பாதி அளவா என்பதை ஜெஸ்லினிடமே விட்டார்.

“முழுசாவே ஏத்துங்க. ஆனா அந்த ரூம்ல குளிர்கொழாய அடைச்சிருங்க.”

அன்று பிற்பகல் மூன்றாம் சுற்று ஏறியது. செவிலியருக்கு வேர்த்துக் கொட்டியது. கனிஷ்கா பேக்கரிக்குத் திரும்பாமல் சாயங்காலம் வரை கூடவே இருந்தார்.

வியாழக்கிழமை, மூன்றாம் நாள், ஜெஸ்லின் வீட்டில் படி கொடுத்தார். அது அவருடைய யோசனை. குளிக்கவில்லை. மாத்திரையைத் தள்ளிப்போட்டார். அடைத்திருந்த குளிர்குழாயைத் திறந்துவிடச் சொன்னார். ரூபன் பட்டையை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். பட்டை ஒரு முறை கீச்சிட்டது. படுத்திருந்த ஜெஸ்லின் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கினார்.

“ஏட்டி, எதுக்கு எந்திரிச்ச?”

“தெரியல. யாரோ வந்த மாதிரி இருந்துச்சு.”

“ஒரு மணி நேரமா படுத்துக்கிட்டே குடுக்கப் போறேன்னு சொன்னவ யாரு?”

“சரி, சரி. அழிச்சிட்டு மறுபடி போடு. அந்தப் போர்வைய மட்டும் கொஞ்சம் நேரா இழுத்து விடு.”

“அவங்களுக்குப் போர்வை தெரியாதுட்டி.”

“தெரியாட்டி என்ன. வந்திருக்காங்கள்லா.”

ரூபன் போர்வையை நேராக இழுத்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார். இந்த முறை ஜெஸ்லின் எழவில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு வாய் குடித்தார். தொண்டை அடைத்தது, உடம்பு முழுக்கப் பதறியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு துண்டு இட்லியைக் கடித்தார். தாடை பூட்டிக்கொண்டது. இரண்டாவது துண்டுக்கு விட்டது. குமட்டியது. மிச்ச நேரம் எதுவும் செய்யாமல், செய்ய முடியாமல் கிடந்தார்.

மையத்தில் அந்தப் படியைச் சரிபார்த்தபோது துணைமதி ஒரே ஒரு இடத்தைக் குறித்துக் காட்டியது. தொடங்கிய சில நொடிகளில் உடம்பு மிகுந்த சிரமத்தோடு ஒரு பக்கமாக நகர்கிறது; முதுகு குளிர்ந்த சுவரில் முட்டி வலிக்கிறது; ஆனாலும் கடைசி வரை அங்கேயே இருக்கிறது. காரணம் அறியப்படாத அசைவு, நீக்கலாமா என்று கேட்டது. ஓவியா ஜெஸ்லினிடம் தொலைபேசியில் விசாரித்தார்.

“ஒத்தக் கட்டிலு அது, அக்கா. வாரவங்க எங்க படுப்பாங்க?”

ஓவியா அதை நீக்கவில்லை.

அந்தப் படி செப்டம்பரில் புழக்கத்துக்கு வந்தது. உடுத்தியவர்களில் பலர் பாதியில் கழற்றிவிட்டார்கள். சிலர் சுவர்ப் பக்கம் வந்ததும் அழுததாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் சிகிச்சையை நிறுத்தவில்லை. பழைய படிகளை மையம் அழிக்கவில்லை. ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்தியது. பாதி அளவு என்று துணைமதி பரிந்துரைத்திருந்த பத்தொன்பது பேரின் சிகிச்சையை மருத்துவர்கள் மறுபடி பரிசீலித்தார்கள். இரண்டாம் மாடியில் குளிர்குழாய்கள் அடைக்கப்பட்டன. செவ்வாய்தோறும் காலையில் முன்னவர்கள் யாராவது இரண்டு பேர் நேரில் வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஜெஸ்லினுக்கு எட்டாவது சுற்று நவம்பர் 27 அன்று முழு அளவில் ஏற்றப்பட்டது. ஜனவரியில் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. இடது காலின் இரண்டு விரல்களில் மட்டும் உணர்வு திரும்பவில்லை.